அடியில் முட்டும் தண்ணீர்

பிப்ரவரி 3, ஞாயிறு

நாவல் முடிந்துவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், மூன்று வருஷம். முதல் பக்கத்தில் "பனிக்கோட்டையின் வாரிசு" என்று பெரிய எழுத்தில் தட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. நல்ல சகுனம் என்று வைத்துக்கொண்டேன். அடுப்பைத் துடைக்கத்தான் அரைமணி ஆனது.

இன்றே அனுப்பிவிட்டேன், வெள்ளிக்கிழமை சென்னைக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஃபேன்டசி நாவல்களுக்கென்றே தனி வரிசை தொடங்கும் பதிப்பகம். ஆசிரியர் பெயர் நசீமா. "தனியா போவாத, நானும் வரன்" என்றார் என் வீட்டுக்காரர். நிலக்கரிச் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டருக்கு நினைத்தபோதெல்லாம் லீவு கிடைக்காது. வெள்ளிக்கிழமை இவருக்கு செகண்ட் ஷிஃப்ட். அதே செக்‌ஷனில் இருக்கும் கலியபெருமாள் அண்ணன் மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். "தங்கச்சி புஸ்தகம் வரட்டும் சிகாமணி, நான் பாத்துக்கறன்" என்றாராம்.

நாளை நான் மருந்து கொடுக்கும் கம்பெனி டிஸ்பென்சரியில் ஸ்டாக் எடுக்க வேண்டும். இருமல் மருந்து நாற்பது பாட்டில் குறைகிறது.

பிப்ரவரி 8, வெள்ளி

திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். கையெழுத்து ஆடுகிறது.

நசீமா என்னைவிடச் சின்னவர். கனிவாகத்தான் பேசினார். முழுவதும் படித்திருக்கிறார், அங்கங்கே பென்சில் குறி.

"மேடம், உங்க நடை ரொம்ப நல்லாருக்கு. ஒண்ணு கேக்கலாமா? நீங்க பனி விழுந்து பாத்திருக்கீங்களா?"

"இல்லைங்க. ஃபிரிட்ஜுலதான்."

அவர் சிரித்தார். பிறகு, "இந்த டிராகன், இந்தக் குள்ளர்கள், மலைமேல கோட்டை, தொலைஞ்சுபோன வாரிசு... இது வேற யாரோ கட்டின வீடு மேடம். நீங்க அதுல வாடகைக்கு இருக்கீங்க. சுத்தமா வச்சிருக்கீங்க. உங்க சொந்த வீட்டக் காட்டுங்களேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. இல்லாததை எழுதுவதுதானே ஃபேன்டசி? டிராகனும் இல்லை, யாரும் பார்த்ததும் இல்லை. அப்படியிருக்க, இது என்னுடைய இல்லாதது, அது அடுத்தவருடைய இல்லாதது என்று எப்படிப் பிரிப்பது?

இவருக்கு ஃபோன் வந்துகொண்டே இருக்கிறது. கடைசியாக ஒன்றை எடுத்துப் பேசிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னங்க என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. நீ எழுது" என்றார்.

பிப்ரவரி 9, சனி

கலியபெருமாள் அண்ணன் இறந்துவிட்டார். நேற்று சாயங்காலம், சுரங்கத்தில், சரிவு மண் இறங்கி.

பிப்ரவரி 13, புதன்

சொந்த வீடு என்றால் என்னவென்று யோசித்தேன். தமிழ்நாடு, வேறென்ன? பனியை எடுத்துவிட்டு மணல் போட்டேன். கோட்டை இருந்த இடத்தில் கோபுரம். டிராகன் யாளியாகிவிட்டது. குள்ளர்களைச் சித்தர்களாக்கினேன். வாரிசு மட்டும் வாரிசாகவே இருக்கிறான், ஆனால் பாண்டிய வாரிசு. கம்ப்யூட்டரில் "டிராகன்" என்று தேடி "யாளி" என்று மாற்றச் சொன்னால் ஒரு நொடியில் அறுநூற்று எண்பது இடத்தில் மாறிவிட்டது. என்ன சுலபம்.

இவர் இன்னும் லீவில்தான் இருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார்.

கலியபெருமாள் அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தேன். நாலு தெரு தள்ளித்தான். அவர் மனைவி அஞ்சலாட்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிகாமணி அண்ணன் ஏன்க்கா வரல?" என்று கேட்டாள். காய்ச்சல் என்று சொன்னேன். மருந்துக்கு நடுவிலேயே வாழ்கிறவளுக்குக் காய்ச்சல்தான் வாயில் வருகிறது.

பிப்ரவரி 24, ஞாயிறு

மத்தியானம் குளித்துவிட்டு வந்தால், இவர் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்திருந்தார். ஒரு காது மொசைக்கில் ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது, தரை குளிர்ச்சியாக இருந்திருக்கும். தலையணை கொண்டுவந்து வைத்தேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

டாக்டர் இவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை நானே எண்ணிக் கவரில் போட்டேன். பெயர் எழுதும் இடத்தில் "தெய்வசிகாமணி" என்று எழுதும்போது யாரோ நோயாளி மாதிரி இருந்தது.

யாளி நாவலை அனுப்பியாகிவிட்டது.

மார்ச் 5, செவ்வாய்

நசீமா ஃபோன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு மாசத்துல எனக்கு வந்த ஏழாவது யாளி இது."

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"பெயிண்ட் மாத்தியிருக்கீங்க, வீடு அதேதான். பனிக்குப் பதிலா மணல். அந்தப் பையன் நடக்கற நடைகூட மாறல. கோபுரம் வந்துட்டா நம்ம கதை ஆயிடுமா? உங்க ஊர்ல கோபுரம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். பிறகுதான் யோசித்தேன். எங்கள் நகரியத்துக் கோயில் எனக்கு மூன்று வயது இளையது. அதற்குச் செங்கல் இறங்கியதை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

"ஏப்ரல் கடைசி வரைக்கும் இடம் வச்சிருக்கேன். முப்பது பக்கம் போதும். ஆனா நீங்க மட்டும்தான் எழுத முடியும்ங்கற மாதிரி முப்பது பக்கம்" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 6, புதன்

கோபம் கோபமாக வருகிறது. சொந்தம், சொந்தம் என்றால் எதைக் காட்டுவது? நான் பிறந்தது கம்பெனி குவார்ட்டர்ஸ். தெருவுக்குப் பெயர் கிடையாது, பிளாக் நம்பர்தான். அப்பா வேலைக்காக வந்தவர். இடப்பக்கம் ஒடியாக்காரர்கள், வலப்பக்கம் பாலக்காட்டுக் குடும்பம், எதிரே நெல்லூர்க்காரர். பொங்கலுக்கு எல்லோர் வீட்டு வாசலிலும் கோலம், எல்லாம் வேறு வேறு மாதிரி. குலதெய்வக் கோயிலுக்குக் கூப்பிட்டால் எந்தப் பஸ் ஏறுவதென்று எனக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு மூன்று முறை ஷிஃப்ட் சங்கு ஊதும். இதிலிருந்து என்ன மாயம் எடுப்பது?

டிஸ்பென்சரியில் ஒரு அம்மாவுக்கு ஐந்து மில்லி என்று சொல்வதற்குப் பதில் ஐந்து டிராகன் என்று சொல்லப் பார்த்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

இன்றும் தரையில் படுத்திருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, நானும் பக்கத்தில் படுத்துக் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி மட்டும்.

"என்னங்க கேக்குது?"

காதை எடுக்காமலே சொன்னார். "தண்ணி."

பிறகு ஒரு மாசம் பேசாததையெல்லாம் சேர்த்து வைத்ததுபோலப் பேசினார். "கரிக்குக் கீழ கடல் மாதிரி தண்ணி கெடக்கு அரசி. மேல மண்ணு இருந்த வரைக்கும் அமுங்கிக் கெடந்துச்சு. நாம மண்ணையும் கரியையும் அள்ளிட்டமா, பாரம் போயிடுச்சி. இப்ப அது எழுந்திரிக்கப் பாக்குது. ராவும் பகலும் நாங்க உறிஞ்சிக்கிட்டே இருந்தாத்தான் அடங்கும். எல்லாப் பம்பும் ஒரு நாள் நின்னுச்சின்னு வையி, தரைய முட்டிக்கிட்டு மேல வந்துடும்."

"அதுக்கு அவ்ளோ கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. படுத்தே கெடந்தா நமக்கு எழுந்திரிக்கத் தோணாதா, அது மாதிரி."

பம்ப் நின்றால் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"காதுலதான். மீட்டரு அப்புறந்தான் சொல்லும். கலியன் மண்டி போட்டுத் தரையில காது வச்சிக் கேப்பான். மூணாம் நம்பரு மூச்சு வாங்குதுடாம்பான். சரியா இருக்கும்."

பத்தொன்பது வருஷமாக இவருடைய டிபன் பாக்ஸைக் கழுவுகிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "பம்ப்" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கிறேன். இவர் தண்ணீருக்குக் காவல் இருந்துவிட்டு வீட்டுக்கு வருவார், நான் பனிமலை எழுதிக்கொண்டிருப்பேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

மார்ச் 17, ஞாயிறு

எழுதுகிறேன். கை நிற்க மாட்டேன் என்கிறது.

ஒரு ஊர். அதன் அடியில் ஒரு தண்ணீர் படுத்திருக்கிறது. அது எழுந்தால் ஊர் இல்லை. ஊர்க்காரர்கள் முறைவைத்துத் தரையில் காது வைத்துக் கேட்டு, அது புரண்டால் தாலாட்டுப் பாடித் தூங்கவைக்கிறார்கள். எல்லா நாட்டிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், ஆளுக்கு ஒரு பாஷை. ஒடியாத் தாலாட்டுக்கு ஒரு பக்கம் ஒருக்களிக்கும், தெலுங்குக்கு இன்னொரு பக்கம். எந்தப் பாஷைக்கு எப்போது புரளும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதனால் ஒருத்தர்கூட ஊரைவிட்டுப் போகக்கூடாது. ராஜா கிடையாது. வாரிசு கிடையாது. ஷிஃப்ட்தான் உண்டு.

இது ஃபேன்டசிதானா என்றே சந்தேகமாக இருக்கிறது. வாள் இல்லாமல் ஒரு அத்தியாயம் தாண்டிவிட்டது.

சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் அப்படியே சாப்பிட்டார்.

மார்ச் 20, புதன்

கதையில் ஒரு காவலாளி சாகிறான். ஏன் சாகிறான் என்று காரணம் வேண்டும். மூன்று நாளாகக் கிடைக்கவில்லை. சாபம் என்று வைத்தேன், அடித்தேன். பகைவன் என்று வைத்தேன், அடித்தேன். கடைசியில், முந்தின நாள் காவல் இருந்தவன் சரிவில் ஒரு கசிவைப் பார்க்கிறான், அவசரத்தில் யாரிடமும் சொல்லாமல் போய்விடுகிறான் என்று எழுதினேன். ஒரு சின்ன ஈரம், கையகலம். சட்டென்று எல்லாம் பொருந்திவிட்டது.

முப்பத்திரண்டு பக்கம். அனுப்பிவிட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

டிஸ்பென்சரியில் இருக்கும்போதே நசீமா கூப்பிட்டார். குரலே வேறு மாதிரி இருந்தது. "மேடம், இது எங்க இருந்துச்சு இத்தனை நாள்? இந்த மாதிரி ஒரு உலகத்த நான் எங்கயும் படிச்சதில்ல. அந்தக் கசிவ பாத்துட்டு சொல்லாமப் போறவன், அவன்தான் கதையே. அவனுக்கு என்ன ஆவுதுன்னு சீக்கிரம் எழுதுங்க."

மாத்திரை வாங்க நின்ற ஆறு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பக்கங்களை அச்செடுத்து மேஜைமேல் வைத்தேன்.

மார்ச் 23, சனி

இன்று அரைநாள். ஒரு மணிக்கு வந்தேன். இவர் மேஜையருகே உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டாம் பக்கம் கையில் இருந்தது.

"உனக்கு யாரு சொன்னா?"

"எதங்க?"

"ஈரத்த."

"யாரும் சொல்லல. கதைக்கு ஒரு காரணம் வேணும்னு நானே வச்சதுங்க."

"நீயே வச்சியா." சிரித்தார். ஒன்றரை மாசத்தில் முதல் சிரிப்பு. அதைக் கேட்கவே முடியவில்லை. "கையகலம்னு எழுதியிருக்க. என் கைக்கு ஒன்றரைக் கை இருக்கும். வியாழக்கிழமை ஷிஃப்ட் முடியறப்ப பாத்தன். மூணாம் பம்புக்குப் போற வழியில, சரிவுல. லாக் புக்ல எழுதணும், கலியன்கிட்டயும் சொல்லணும். பஸ்ஸுக்கு டிக்கெட் போடணும்னு ஓடியாந்துட்டன். காலையில சொல்லிக்கலாம்னு நெனச்சன். காலையில உன் கூட கெளம்பிட்டன்."

"ஏங்க, இத யார்கிட்டயும்..."

"விசாரணையில என்னா எழுதினாங்க தெரியுமா? 'அனுமதியின்றி ஆபத்தான சரிவில் இறங்கினார்'னு. ஆபத்துன்னு அவனுக்கு எப்டித் தெரியும்? தெரிஞ்ச ஒருத்தன் நான். நான் உங்கூட மெட்ராஸ்ல டீ குடிச்சிக்கிட்டு இருக்கன்."

நான் அந்தப் பக்கங்களை அவர் கையிலிருந்து வாங்கினேன். கிழிக்கலாம் என்றுதான் வாங்கினேன். "கிழிக்காத" என்றார். "செத்தவன வச்சிக் கதை எழுதிட்டன்னு உன் மேல கோவந்தான் வந்துச்சி மொதல்ல. இப்ப என்னா வருதுன்னே தெரியல."

எனக்கும்தான் தெரியவில்லை. நான் கண்டுபிடித்தேனா, இவர் தூக்கத்தில் உளறியதைக் கேட்டிருந்தேனா, இல்லை கதை என்பதே இப்படித்தானா?

மார்ச் 24, ஞாயிறு

பிப்ரவரி 3-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். ஷிஃப்ட் யாருக்காக மாறியது என்று அன்றைக்கே என் கையெழுத்தில் இருக்கிறது. ஒன்றரை மாசமாக அந்தப் பக்கத்தைத் தாண்டித் தாண்டியே எழுதியிருக்கிறேன். என் புஸ்தகத்துக்காகத்தான் மாறியது. எழுதிவிட்டேன்.

மார்ச் 26, செவ்வாய்

இருவருமாகப் போனோம். அஞ்சலாட்சி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். இவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவள் சல்லடையை நிறுத்தவில்லை. மாவு தீர்ந்த பிறகும் வெறும் சல்லடை கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

இவருக்குக் குரல் உடைந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இத ஆபீஸுக்கு எழுதிக் குடுப்பீங்களாண்ணா?"

"குடுக்கறன்மா."

"அப்ப அத மொதல்ல செய்ங்க. அழுவுறதெல்லாம் அப்புறம். எம் பொண்ணு ஸ்கூல்ல, உங்கப்பா அஜாக்கிரதையா போயி செத்தாருன்னு சொல்றாங்களாம். அவரு செருப்பக்கூட நேரா உட்டுட்டுத்தான் உள்ள வருவாரு."

வாசல்வரை கூட வரவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 27, புதன்

காலையில் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினார். நாலு இடத்தில் எழுத்துப்பிழை. திருத்தித் தரட்டுமா என்றேன். "வாணாம், இது கதை இல்ல" என்றார். சட்டையை அயர்ன் பண்ணிக் கொடுத்தேன். நடந்தே ஆபீஸுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மார்ச் 30, சனி

மெமோ வந்துவிட்டது. வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மறுபடி விசாரணை. எத்தனை மாசமோ, முடிவில் என்னவோ. கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து மகள் அழுதுகொண்டே பேசினாள். அப்பா எப்படி இருக்கிறார் என்றாள். தூங்குகிறார் என்றேன். நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தார், மத்தியான வெயிலில், கட்டிலில், வாயைத் திறந்துகொண்டு.

நசீமாவுக்கு ஃபோன் செய்து, கதையை மேலே எழுத முடியாது என்றேன். ஏன் என்று கேட்டதற்கு, இது என்னுடையது என்று நீங்கள் சொன்னீர்கள், இல்லை போலிருக்கிறது என்றேன். அவர் குழம்பிப்போனார். நல்லது, நான் மட்டும் தனியாகக் குழம்ப வேண்டாம்.

ஏப்ரல் 6, சனி

அஞ்சலாட்சி டிஸ்பென்சரிக்கு வந்தாள். மகளுக்குச் சளி. மருந்தைக் கொடுத்து எத்தனை வேளை என்று சொன்னேன். கவுன்ட்டரைவிட்டு நகரவில்லை. பின்னால் ஆள் இல்லை.

"ஆபீஸ்ல அந்தத் தாள காப்பி எடுத்துக் குடுத்தாங்க. படிச்சன்." மருந்துப் பாட்டிலைக் கையில் உருட்டினாள். "அண்ணன நான் மன்னிச்சிட்டன்னு நெனைக்காதீங்க. தெரியல எனக்கு."

"சரிம்மா."

"கதை எழுதுறீங்களாமே. தண்ணிக்குக் காது குடுக்கிறவங்க கதை."

இவர்தான் சொல்லியிருக்க வேண்டும். "நிறுத்திட்டன் அஞ்சலாட்சி. உங்கிட்ட கேக்காம எழுதினது தப்பு."

"என்னாத்துக்கு நிறுத்துறீங்க? அவரு ராத்திரி சோறு திங்கறப்ப எங்கிட்ட சொல்ற கதைதான் அது. இன்னைக்கு தண்ணி இந்தப் பக்கம் பொரண்டுச்சி, நான் தட்டிக் குடுத்தன்னு. எம் பொண்ணு அதக் கேட்டுத்தான் தூங்கும். இப்ப யாரு சொல்றா?" மருந்துப் பாட்டிலைப் பையில் போட்டாள். "அதுல அவருக்கு என்னா பேரு?"

"இன்னும் வைக்கல. காவலாளின்னுதான் எழுதியிருக்கன்."

"அவரு பேரையே வைங்க. மாயக் கதையில கலியபெருமாள்னு யாராச்சும் இருந்திருக்காங்களா? இருக்கட்டும். அவரு சாவட்டும், பரவால்ல. அஜாக்கிரதையில சாவக்கூடாது."

ஏப்ரல் 7, ஞாயிறு

காலையில் இட்லிக்குச் சட்னி அரைத்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இவர் எதிரே உட்கார்ந்து, ஒரு பம்ப் நின்றால் சத்தம் நிற்காது, சத்தத்தின் கனம் மாறும் என்று சொல்லித் திருத்தினார். மூன்று இடத்தில் அடித்து எழுதினேன். நசீமாவுக்கு என்ன பதில் சொல்வது, விசாரணை என்ன ஆகும், இது யாருடைய கதை, எதுவும் தெளியவில்லை.

முதல் வரி: "கலியபெருமாள் தரையில் மண்டியிட்டுக் காதை வைத்தான்."

அரைமணி நேரம் அந்த வரியிலேயே நின்றேன். என்ன உறுத்துகிறது என்று தெரியவில்லை. இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நீ அண்ணன்னுதான கூப்பிடுவ" என்றார்.

இளவரசனோ மாவீரனோ, மாயக் கதை நாயகர்கள் எல்லோரும் வந்தான், போனான், வென்றான்தான். நானும் நானூறு பக்கம் அப்படித்தான் எழுதினேன். கடைசி எழுத்தை அழித்துவிட்டு மறுபடி தட்டினேன்.

கலியபெருமாள் தரையில் மண்டியிட்டுக் காதை வைத்தார்.